ரயில் கவிழ்ந்த வருஷம்

நில இயல் படித்தவள் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஒருவர் ரசத்துக்குக் கைகாட்டிவிட்டு, "அப்ப நீங்க கார்பன் டேட்டிங் எல்லாம் பண்ணுவீங்களா?" என்று கேட்டுவிடுகிறார். கீழடி அகழாய்வுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. கி.மு. 580 என்ற எண் செய்தித்தாள்களில் வந்த சமயத்தில் என் பல் மருத்துவர், வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிவிட்டு, அதைப் பற்றித்தான் கேட்டார். பஞ்சு அடைத்த வாயால் எதைச் சொல்வது? கார்பன்-14 ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டும்தான் உதவும்: கட்டை, எலும்பு, நெல்மணி, அடுப்புக் கரி. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டிவிட்டால் அளப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. பல்லாவரத்துக் கல்லிடம் போய் கார்பனைக் கேட்டால் அது என்ன சொல்லும்?

பல்லாவரம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது உடைந்த கல்லின் நிறம். வெளியே துருப்பிடித்த பழுப்பு; சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே நீலம் கலந்த கறுப்பு, அதில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. கல்லூரியில் படிக்கும்போது எங்களை அங்கே அழைத்துப்போன பேராசிரியர் அதன் பெயர்க் கதையைச் சொன்னார். ஜோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் செத்துப்போனார். அவருக்குக் கல்லறைக் கல் இங்கிருந்து போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தப் பாறை வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்ற பெருமையை 2003இல் அங்கிருக்கும் உயர் நீதிமன்றமே சார்னாக்கிடமிருந்து பறித்துவிட்டது. கல்லில் ஒட்டிய பெயரைப் பறிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை போலிருக்கிறது.

பேராசிரியர் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன வயசு?" என்றார். முதல் வரிசையில் நிற்கும் வழக்கமுள்ள ஒருவன், "250 கோடி வருஷம் சார்" என்றான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவர் மறுக்கவில்லை. "எந்த வயசு?" என்று மட்டும் கேட்டார். யாருக்கும் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. தாம்பரம் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் மோர் வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வியை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேனோ என்று இப்போது தோன்றுகிறது. முன்னால் இருக்க முடியாது. அப்பாயியின் உதவித்தொகை விவகாரம் வெகு பிற்பாடு, 2000 வாக்கில் நடந்தது. நினைவில் எது முந்தி எது பிந்தி என்று அடுக்குகள் சில சமயம் புரண்டுதான் கிடக்கின்றன. இமயத்தில் பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு எனக்கு இதில் வெட்கம் போய்விட்டது.

அப்பாயி அரியலூர்ப் பக்கம். முதியோர் உதவித்தொகைக்கு அப்போது 65 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும். அப்பாயியிடம் ஒரு காகிதமும் கிடையாது. ஜாதகம் என்று ஒன்று இருந்ததாம். கூரை தீப்பிடித்தபோது பெட்டியோடு போய்விட்டது. "தாது வருஷம் பொறந்தேன்" என்பது மட்டும் தெரியும். தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒரு தடவை சுற்றி வருபவை. மனுவை வாங்கிய அலுவலர் தமாஷ்காரர். "பாட்டி, தாதுன்னா 1876ஆ, 1936ஆ? முதல் தாதுன்னா உங்களுக்கு 124 வயசு, கலெக்டரே வந்து மாலை போடுவாரு. ரெண்டாவதுன்னா 64. ஒரு வயசு கொறையுது" என்றார். கடைசியில் அரசு மருத்துவர் ஒருவர் அப்பாயியின் பல்லைப் பார்த்து, தோலைக் கிள்ளிப் பார்த்து, 68 என்று எழுதிக் கொடுத்தார். "அந்தப் பயலுக்கு என் வயசு எப்படித் தெரியும்? நான் பொறந்தப்ப அவன் பக்கத்துல இருந்தானா?" என்று அப்பாயி வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். பணம் வர ஆரம்பித்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆனால் எண் தெரியாதவர் என்று அப்பாயியைச் சொல்ல முடியாது. எண் இல்லாமலே அவரிடம் ஒரு முழுக் கணக்கு இருந்தது. கிணறு வெட்டினது பெரியப்பா பிறந்ததற்குப் பிறகு. கூரை எரிந்தது கிணறு வெட்டினதற்குப் பிறகு; தண்ணீர் கிட்டத்தில் இருந்ததால்தான் மாட்டுக் கொட்டகை பிழைத்தது. அத்தை கல்யாணம் கூரை எரிந்ததற்குப் பிறகு. அதனால்தான் பழைய பட்டுப் புடவை கொடுக்க முடியவில்லை. ஒன்றுக்கு முன், ஒன்றுக்குப் பின் என்று அறுபது ஆண்டுகள் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. எங்கே எத்தனை வருஷம் என்று கேட்டால்தான் திணறுவார். அந்த அடுக்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆணி அடித்திருந்தது. "ரயிலு கவுந்த வருஷம் உங்க பெரியப்பனுக்கு நடை வந்துச்சு."

1956 நவம்பர் 23. மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. மழை, வெள்ளம், விடிவதற்கு முந்திய இருட்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்பாயிக்கு சாஸ்திரி தெரியாது. ஆனால் உலகத்தின் செய்தித்தாள்களில் பதிவான ஒரு தேதி அவருடைய அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஒரு படிவாக உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் மேலேயும் கீழேயும் இருப்பவற்றுக்கு வருஷம் சொல்லிவிடலாம். நிலவியலாளர்கள் செய்வதும் இதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். அப்பா அப்படி ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தார். வெடி வைத்த மறுநாள் சில சமயம் கை நிறைய சிப்பிகளைக் கொண்டுவருவார்; கல்லாகிப்போன, கனமான, ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்த சிப்பிகள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அவை அடைஅடையாகக் கிடக்கும். நாங்கள் அவற்றைப் பாண்டி ஆடத் தூக்கிப் போட்டிருக்கிறோம். கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம். கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை. கடலைப் பார்த்ததே பிறகுதான்.

இந்தச் சிப்பிகளும், நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் எங்கள் பாண்டியாட்டத்துக்கு வெகு முன்பே லண்டனுக்குப் போய்விட்டன. மதராஸ் நிர்வாகத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கி அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846இல் விவரித்து எழுதினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: இந்திரா, சூர்யா, பிரம்மா. புதுச்சேரிக்குப் பக்கத்துப் பாறையிலிருந்து வந்த ஒரு அம்மோனைட் இன்றும் அறிவியலில் பிரம்மாதான். அதன் பேரினத்துக்கே பிறகு பிரம்மைட்டஸ் என்று பெயர் வந்தது. (பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, பார்த்தீர்களா என்று எனக்கு வாரம் ஒரு வாட்ஸப் வருகிறது. பார்த்தேன். எண்களை எப்படி அடைந்தார்கள் என்ற வழியைக் காட்டாத வரையில் பொருத்தம் என்பது பொருத்தம் மட்டும்தான்.)

அதற்குப் பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்தார். எங்கள் ஊரைச் சுற்றிய பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகக் கீழிருந்து மேலாகப் பிரித்து 1860களின் தொடக்கத்தில் எழுதினார். பிற்பாடு அவரே இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். புதைபடிவங்களை விரிவாக எழுதியவர் ஸ்டோலிஸ்கா, இன்றைய செக் நாட்டுக்காரர். மத்திய ஆசியப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் 36 வயதில் இறந்தார். லேயில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. இவர்கள் யாரிடமும் ஒரு வருஷக் கணக்கும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்று ஸ்டேனோ 1669இல் சொன்னது. ஒவ்வொரு அடுக்குக்கும் தனக்கே உரிய உயிரினங்கள் உண்டு, அவற்றை வைத்து எங்கே போனாலும் அந்த அடுக்கை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று வாய்க்கால் வெட்டும் வேலையில் இருந்த வில்லியம் ஸ்மித் இங்கிலாந்தில் கண்டுகொண்டது. இரண்டும் போதுமாயிருந்தன. அரியலூர்ச் சிப்பி ஐரோப்பாவின் சுண்ணக் காலத்துக்குச் சமகாலத்தது என்று அவர்கள் சரியாகச் சொன்னார்கள். எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தால் அப்பாயி மாதிரித்தான் விழித்திருப்பார்கள்.

வருஷம் வேறு இடத்திலிருந்து வந்தது. சிப்பிக்கும் சுண்ணாம்புக்கும் கடிகாரம் கிடையாது. எரிமலைச் சாம்பலுக்கு உண்டு. வட அமெரிக்காவின் நடுவே, மோன்டானா, வயோமிங், கொலராடோ பக்கம், அதே காலத்தில் ஒரு கடல் இருந்தது. அதன் சேற்றில் அம்மோனைட்டுகள் படிந்தன. மேற்கே எரிமலைகள் வெடித்தபோதெல்லாம் சாம்பல் பறந்துவந்து சேற்றின்மேல் விரல் தடிமனிலோ கை தடிமனிலோ படிந்தது. அந்தச் சாம்பலில் சானிடின் என்ற படிகங்கள் உள்ளன. அவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு 125 கோடி ஆண்டு அரை ஆயுளோடு சிதைந்து ஆர்கான் வாயுவாகிறது. எரிமலையிலிருந்து வரும்போது படிகத்தில் இருந்த பழைய ஆர்கான் வெப்பத்தில் வெளியேறிவிடும். ஆறிய நாளிலிருந்து புதிதாகச் சேர ஆரம்பிக்கும். சேர்ந்ததை அளந்தால் வெடித்த காலம் தெரியும். சாம்பலுக்கு மேலும் கீழும் இருக்கும் உயிரினங்களுக்கு அப்படித் தேதி கிடைக்கிறது. அந்த உயிரினங்களில் உலகம் முழுக்க நீந்தியவை, மிதந்தவை சில. அவற்றின் கையைப் பிடித்துக்கொண்டு, கடல் கடலாக, அந்தத் தேதி அரியலூருக்கு வருகிறது. கல்லங்குறிச்சிச் சிப்பிக்கு ஏறத்தாழ 7 கோடி ஆண்டு என்று நான் இப்போது வாய் கூசாமல் சொல்கிறேனே, அதற்குப் பின்னால் மோன்டானாவில் விழுந்த சாம்பலும் இருக்கிறது. மருதையாற்றில் கவிழ்ந்த ரயில்.

தாது வருஷச் சிக்கலும் பாறையில் உண்டு. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும். வடக்கு நோக்கும் முள் தெற்கு நோக்கும். உறைகின்ற எரிமலைக் குழம்பு அந்தந்தக் காலத்துத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தக்காணத்துக் கறுப்புப் பாறையின் பெரும்பகுதி, 6.6 கோடி ஆண்டுகளை ஒட்டி, முள் தலைகீழாக இருந்த ஒரு காலத்தில் உறைந்தது. ஆனால் நேர், தலைகீழ் என்று இரண்டே நிலைகள். எந்தத் தலைகீழ் என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். சுண்ணக் காலத்தின் நடுவில் சுமார் 12 கோடியிலிருந்து 8.3 கோடி ஆண்டு வரை காந்தம் புரளவே இல்லை. எங்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளித் தொகுதிகள் பெரும்பாலும் அந்த நீண்ட அமைதிக்குள் படிந்தவை. அங்கே காந்தமானியைக் கொண்டுபோனால் தாது, தாது, தாது என்றுதான் சொல்லும்.

வருஷத்தைக் கண்டுபிடிக்கும் முன்பு நடந்த சண்டைகளை வகுப்பில் சொல்லும்போது பையன்கள் தூங்கமாட்டார்கள். கெல்வின் பிரபு, பூமி உருகிய உருண்டையாக இருந்து ஆறிக்கொண்டுவருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டு, கடைசியில் 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையில் என்று 1897இல் வந்து நின்றார். டார்வினின் பரிணாமத்துக்கு அது போதவே போதாது. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வெப்பத்தைக் கணக்கில் சேர்த்ததும் கெல்வின் தோற்றார் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதில் எனக்கு உடன்பாடில்லை. கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895இலேயே ஓட்டையைக் காட்டிவிட்டார்: பூமியின் உட்புறம் திடமாக உறைந்து கிடக்கிறது என்ற அனுமானத்தைத் தளர்த்தி, உள்ளே வெப்பம் எளிதாக இடம் மாறுகிறது என்று வைத்துப் பாருங்கள், வயது பல மடங்கு கூடும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரியக்கத்தின் உண்மையான கொடை வெப்பத்தைவிடக் கடிகாரம்தான்.

அந்தக் கடிகாரத்தை முதலில் பாறைகளுக்கு ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் போல்ட்வுட். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் காரீயத்தில் போய் நிற்கிறது என்று ஊகித்து, கனிமங்களில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று ரசாயன முறையில் அளந்து, 1907இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 41 கோடியில் தொடங்கி 220 கோடிவரை போகிறது. அந்த 220 கோடி ஆண்டு மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? இலங்கையில், சபரகமுவ மாகாணத்திலிருந்து. தோரியனைட் என்ற கனமான கறுப்புக் கனிமம். அதை 1904இல் முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், நடராஜர் சிலையைப் பற்றி எழுதியவரேதான். கொழும்புத் தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். இலங்கைக் கனிமவியல் ஆய்வுத்துறையின் முதல் இயக்குநர். அவர் அதை யுரேனினைட் என்று எழுதினார். புதுக் கனிமம் என்று டன்ஸ்டன் கண்டுகொண்டார். சிற்பம் பக்கம் போகாமல் கல் பக்கமே இருந்திருந்தால் குமாரசுவாமி என்னவாகியிருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கலைக்கு நஷ்டம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எங்களுக்கு அவர் கிடைத்திருக்கலாம்.

அந்த 220 கோடி நிலைக்கவில்லை. தோரியனைட்டில் பெரும்பகுதி தோரியம். தோரியமும் கடைசியில் காரீயமாகத்தான் முடிகிறது. அந்தக் காரீயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே போல்ட்வுட் எழுதிவிட்டார். ஒரே தனிமத்துக்குப் பல எடையுள்ள அணுக்கள் உண்டு என்பதே அப்போது தெரியாது. யுரேனியம் சிதையும் வேகமும் சரியாகத் தெரியாது. 1911இல் ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் மீண்டும் கணக்குப் போட்டபோதும் அவர் பட்டியலில் மிக மூத்தது ஓர் இலங்கை மாதிரிதான், 164 கோடி. இலங்கைப் பாறைகளில் பெரும்பாலானவை கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று இன்று தெரிகிறது. 55 கோடி என்ற இந்த எண்ணை நானும் ஒருநாள் ஃபேக்ஸ் தாளில் சந்தித்தேன்.

அது ஆராய்ச்சிக் காலம், 1990கள். திண்டுக்கல் பக்கத்து மலையடிவாரத்தில் சார்னோக்கைட் வெட்டும் ஒரு குவாரியிலிருந்து இரண்டு சாக்குக் கல் கொண்டுவந்திருந்தேன். எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் சிர்கான். சிர்கான் படிகம் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை அண்ட விடாது. அதனால் பிறந்தபோது அதில் காரீயம் அநேகமாக இல்லை; இன்று இருக்கும் காரீயம் உள்ளே விளைந்தது. கடிகாரமும் ஒன்றல்ல, இரண்டு. யுரேனியம்-238 சுமார் 447 கோடி ஆண்டு அரை ஆயுளோடு ஒருவகைக் காரீயமாகிறது. யுரேனியம்-235 சுமார் 70 கோடி ஆண்டு அரை ஆயுளோடு வேறுவகைக் காரீயமாகிறது. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நடுவில் எதுவும் ஒழுகவில்லை என்று நம்பலாம். சொல்லாவிட்டால், எவ்வளவு வித்தியாசம் என்பதிலேயே ஒழுகிய கதை இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கும் வழியை வெதரில் 1956இல் கொடுத்தார். ரயில் கவிழ்ந்த அதே வருஷம்.

சிர்கானைப் பிடிப்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. கல்லை உடைக்க வேண்டும், பொடிக்க வேண்டும், சலிக்க வேண்டும். தண்ணீரில் அலசி லேசானதைக் கழிக்க வேண்டும். பிறகு புரோமோஃபார்ம் என்ற திரவம்; தண்ணீரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும், சிர்கான் அடியில் போய் உட்காரும். தித்திப்பான வாடை அடிக்கும், தலை கிறுகிறுக்கும், ஜன்னலைத் திறந்துவைத்தால் தெருப் புழுதி உள்ளே வரும். பிறகு காந்தம், இரும்பு கலந்ததெல்லாம் ஒதுங்கிவிடும். இத்தனைக்கும் பிறகு, ஒரு சாக்குக் கல்லிலிருந்து கிடைப்பது மூக்குப்பொடிச் சிமிட்டா அளவு. அதை உருப்பெருக்கியின் கீழ் பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சேர்க்க வேண்டும். ஒரு மணி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தும்மினால் போச்சு. எனக்கு ஒவ்வாமை உண்டு.

தூசியின் தொல்லையில் எனக்கு முன்னோடி ஒருவர் இருந்தார் என்பது அப்போது ஆறுதலாக இருந்தது. கிளேர் பேட்டர்சன். அரிசோனாவில் விழுந்த ஒரு விண்கல்லின் காரீயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு, ஏழு கோடி முன்னே பின்னே, என்று 1956இல் எழுதியவர் (மறுபடியும் அதே வருஷம், நான் என்ன செய்வது). அவர் அளவுகள் ஆரம்பத்தில் தாறுமாறாக வந்தன. காற்றில், தூசியில், தலைமுடியில், குழாய்த் தண்ணீரில் என்று எங்கு பார்த்தாலும் காரீயம். காற்றை வடிகட்டிய, தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ஓர் ஆய்வுக்கூடத்தை அவர் கட்ட வேண்டியிருந்தது. பூமியின் வயதைக் கண்டுபிடித்த பிறகு, இத்தனை காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. பெட்ரோலிலிருந்து வந்தது. எண்ணெய்க் கம்பெனிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு பல ஆண்டுகள் எழுதினார், சாட்சி சொன்னார். நான் சிர்கான் பொறுக்கிக்கொண்டிருந்த நாட்களில் சென்னை பெட்ரோல் பங்குகளில் காரீயம் கலக்காதது, கலந்தது என்று இரண்டு குழாய்கள் இருந்தன. 2000இல் நாடு முழுவதும் கலந்தது நின்றுபோயிற்று. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போது பேட்டர்சனை நினைத்த ஆட்கள் அந்த வரிசையில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

என் சிர்கான்களை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். கான்பராவில் 1980 வாக்கிலேயே ஓர் இயந்திரம் கட்டியிருந்தார்கள். அயனிக் கற்றையைப் படிகத்தின் மேல் பாய்ச்சி, முப்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியை மட்டும் சுரண்டி அளக்கும். அதனால் ஒரே மணியின் நடுவையும் ஓரத்தையும் தனித்தனியாகக் கேட்கலாம். அளக்கும் முன் மணியைப் பாதியாகத் தேய்த்து, எலக்ட்ரான் கற்றையில் ஒளிரவிட்டுப் படம் எடுப்பார்கள். என் மணிகளின் படத்தில் நடுவில் மங்கலான ஒரு கரு, அதைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு விளிம்பு. ஃபேக்ஸ் வந்தது. கரு 250 கோடியை ஒட்டி. விளிம்பு 55 கோடியை ஒட்டி.

வழிகாட்டி எழுதச் சொன்னபோது நான் ஆய்வேட்டில் முதல் வரியைத் தொடங்க முடியாமல் இருந்தேன். இந்தக் கல்லின் வயது என்ன? பல்லாவரத்தில் மோருக்காகத் தவித்த அன்று கேட்ட கேள்விதான். குழம்பு உறைந்து முதன்முதலாகப் படிகமானது 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு, இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அன்டார்க்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்தபோது, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள பாறைகள் ஆழத்தில் அழுந்தி மறுபடி வெந்தன. சில இடங்களில் 900 டிகிரிக்கும் மேல். பல்லாவரத்துக்கு அந்தச் சூடு அவ்வளவாக எட்டவில்லை. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, எண்ணெய் மினுமினுப்பும் ஒன்று. அனுபவித்தது வேறு. அதே திண்டுக்கல் கல்லிலிருந்து கறுப்பு மைக்காவைப் பிரித்து அளந்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும், இன்னும் இளையதாக. மைக்கா சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறினால்தான் ஆர்கானைப் பிடித்துவைக்கும். அதற்கு முந்தியது எதுவும் அதற்குத் தெரியாது. அப்பாயியின் ஜாதகப் பெட்டி மாதிரி. தீக்குப் பிந்திய காகிதங்கள் மட்டும்.

ஆக, வயது கல்லுக்கு இல்லை, கல்லுக்கு நேர்ந்தவற்றுக்கு. உறைந்தது, வெந்தது, ஆறியது, மேலே வந்தது: எதைக் கேட்கிறோமோ அதற்கேற்ற கனிமத்தைப் பிடிக்க வேண்டும். 250 கோடி என்று ஒற்றை எண்ணாகப் பலகையில் எழுதிவைப்பவர்கள் எந்த நிகழ்ச்சி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம். எழுதுவதில்லை. இடம் போதாது என்கிறார்கள்.

மணல் இதைவிடக் குழப்பம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் குன்றுகள் என்ற இடத்தில் உள்ள சிர்கான் ஒன்று 440 கோடி ஆண்டு என்று 2001இல் அறிவித்தார்கள். பூமியிலேயே உருவான பொருள்களில் அதைவிட மூத்தது இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் அது இருக்கும் பாறை சுமார் 300 கோடிதான். எங்கோ இருந்த தாய்ப்பாறை அரித்துப்போய், ஆற்றில் உருண்டு, கூழாங்கல்லோடு கலந்து மறுபடி கெட்டிப்பட்டிருக்கிறது. பாறைக்கு உள்ளே இருப்பது பாறையைவிட மூத்தது. அப்படிக் கெட்டிப்படாமல் இன்னும் தளர்ந்து கிடப்பவற்றைப் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை போதும். இல்மனைட், கார்னெட், மோனசைட், சிர்கான் எல்லாம் அலை சலித்துக் குவித்த கரையில் கிடக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து இந்தக் கரையின் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மோனசைட்டிலும் தோரியமும் காரீயமும் உண்டு. அதையும் வைத்து இப்போது தேதி சொல்கிறார்கள். தெற்கத்தி மோனசைட் பெரும்பாலும் அந்தப் பழைய 55 கோடியைத்தான் சொல்கிறது.

போன வருஷம் அண்ணியோடு கன்னியாகுமரி போயிருந்தேன். முக்கடல் பக்கம் சின்னச் சின்னப் பைகளில் ஏழு வண்ண மணல் விற்கிறார்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். விற்ற கிழவி எனக்கு வேறு கணக்குச் சொன்னார்.

"அம்மன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த அரிசியும் பருப்பும் இது. கல்யாணம் நின்னு போச்சு. சமைக்காம கெடந்து மணலா ஆயிட்டு."

"எப்ப நின்னுது பாட்டி?"

"கோழி கூவினப்ப."

நாரதர் சேவலாகக் கூவி முகூர்த்தம் தப்பவைத்த கதை எனக்கும் தெரியும். அந்தப் பதிலை மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. கேட்டது வருஷம்தான், கிடைத்தது நிகழ்ச்சி. கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு பையைப் பார்த்தேன். வெளிறிய மணிகளுக்கு நடுவே கண்ணாடிபோல முனை மழுங்கிய சில மணிகள், சிர்கான்களாகத்தான் இருக்க வேண்டும். எது 250 கோடி, எது 55 கோடி என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதற்குத் திரும்பவும் புரோமோஃபார்ம், காந்தம், ஊசி, கான்பராவுக்கு ஒரு பார்சல் என்று எல்லாம் வேண்டும். "பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கற அளவுக்கு இதுல என்ன இருக்கு?" என்றார் அண்ணி. பை இருபது ரூபாய், இரண்டாக எடுத்தால் முப்பத்தைந்து என்றார் கிழவி. அண்ணி முப்பதுக்குக் கேட்டுப் பார்த்தார். கிழவி மசியவில்லை.